குளம் தொடுமுன்

நீர்நிலைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஊரார் உண்ணும் நீரைக் கொண்டது ஊருணி. நீரை ஏந்தி நிற்பது ஏந்தல். குளம் வெட்டுதலைக் 'குளம் தொடுதல்' என்றனர் முன்னோர். இன்று மீன் வளர்ப்பிற்கெனத் தனியார் நிலத்திலும் குளங்கள் தொடப்படுகின்றன. அதற்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை யாவை என்பதை எங்கள் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

காவிரிப் படுகையில் அத்தா எங்களுக்கு விட்டுச்சென்ற நிலம் ஓர் ஏக்கர். ஐப்பசி மழையில் நீர் தேங்கிச் சம்பாப் பயிர் அழுகும் தாழ்ந்த நிலம் அது. வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பிய தம்பி, தம் சேமிப்பு முழுவதையும் இட்டு அங்கே மீன்குளம் அமைக்க விரும்பினார்.

கெண்டை மீன் வளர்ப்பு இந்நாட்டில் பெருகியதற்கு ஓர் அறிஞரின் உழைப்பே காரணம் எனலாம். முன்பெல்லாம் மீன்குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே சேகரித்தனர். 1957 சூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஈராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தார். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் இரை கொள்வன. ஆதலின் ஒரே குளத்தில் ஒன்றன் உணவை மற்றொன்று பறியாமல் மூன்றும் வாழும்.

மண்ணை அறியாமல் மண்வெட்டி எடுத்தல் ஆகாது. ஈரமண்ணை உருண்டையாக்கி மேலே எறிந்து ஏந்தினோம். உடையாதிருப்பின் அது நீர் காக்கும் களிமண். நிலத்தின் மூன்று மூலைகளில் ஆளுயரக் குழி தோண்டி, நீர் நிரப்பி, தழையால் மூடிவைத்தோம். மறுநாட்காலை இரு குழிகளில் நீர் நின்றது. கீழ்ப்புறக் குழி வறண்டு கிடந்தது, அம்மூலை மணற்பாங்கானது.

அதனை அடுத்துள்ள வயலுக்கு உரியவரை நாங்கள் முறைவைத்து மாமா என்றே அழைப்போம். "தம்பி, குளத்துத் தண்ணீர் என் வயலில் ஊறினால் அறுப்புக்கு எப்படி ஆளை இறக்குவேன்?" என்று கேட்டார். அவர் அச்சம் வீணன்று. 1990-களில் நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகளின் உவர்நீர் அண்டை வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. காந்தியத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் குளத்து நீர் நன்னீரே. ஆயினும் முற்றும் வேளையில் வயலில் ஊறும் நீர் நெல்லுக்குக் கேடுதான்.

முழு நிலத்தையும் வெட்டினால்தான் முதல் திரும்பும் என்றார் தம்பி. "அடுத்தவர் நெல்லை நனைத்து வளர்க்கும் மீன் நமக்கு வேண்டாம்" என்றார் அம்மா. இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் தம்பியே அளவுகோலை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார்.

நீர்ப்பரப்பு 50 சென்ட் என்று முடிவாயிற்று. எஞ்சியது கரைக்கும் வடிகாலுக்கும் மணல் மூலைக்கும் போயிற்று. கரை எழும் இடத்தில் வேரும் மேல்மண்ணும் நீக்கி, நடுவே அகழி எடுத்துக் களிமண் நிரப்பினோம். ஒரு மீட்டர் உயரத்திற்கு இரண்டு மீட்டர் சரிவு என்னும் கணக்கில், அடுக்கடுக்காக மண்ணிட்டுத் திமிசால் இறுக்கினோம். கரைக்கும் மாமாவின் வயலுக்கும் இடையே கசிநீரை ஏற்க வடிகால் வெட்டினோம். நீர் புகும் வழியிலும் வெளியேறும் வழியிலும் வலை பொருத்தினோம். சுண்ணாம்பும் சாணமும் இட்டு, நீர் பசுமை நிறம் பெற்றபின், எக்டேருக்கு 5,000 என்னும் கணக்கில் 1,000 குஞ்சுகளை விட்டோம்.

தம்பியின் முதல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எனினும் சென்ற தை மாதத்தில் மாமாவின் வயலில் அறுவடை இயந்திரம் தடையின்றி இறங்கியது. ஊருக்குத் திரும்பி நிலத்தில் முதலிட எண்ணும் மாணவர்களுக்கு நாங்கள் கூற விரும்புவது இதுவே: முதலில் ஒரு சோதனைக்குழி தோண்டுங்கள், அதைப் பார்க்க அண்டை நிலத்தாரையும் அழையுங்கள்.