நீலம்னுதானே போட்டிருக்கு

ராஜபாளையத்தில் ஈரப் பெயிண்ட்டுக்கு முதல் எதிரி பஞ்சு. தூசி, ஈ, பனி எல்லாம் அதற்கு அப்புறம்தான். எழுபதுகளின் கடைசியில் பஞ்சு மார்க்கெட் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இது தெரியும். பொதி ஏற்றிய வண்டிகள் போன பிறகு தெருவோரச் சாக்கடை விளிம்பில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் புருவத்திலும் கை ரோமத்திலும் அதே வெள்ளை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதற்கு அப்புறம் ஊருக்கு மணி சொன்னது மில் சங்கு. கொடியில் காயும் துணியில் பஞ்சு ஒட்டியிருக்கிறதே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. சோறு போடுகிற பஞ்சு.

அந்த ஊரில், திறந்த முற்றத்தில், பிரஷ்ஷால் காருக்குப் பெயிண்ட் அடிப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

அப்பா மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்தது. அப்போது ரோட்டில் கண்ட கார்கள் பெரும்பாலும் மூன்றே வகை: கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்ட். முதல் இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹெரால்டை 1961-இலிருந்து இங்கே செய்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு ட்ரையம்ப் என்று பெயர். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. எங்களுடையது ரெண்டு கதவு வண்டி. முன்சீட்டை மடக்கித்தான் ஆச்சியைப் பின்னால் ஏற்ற வேண்டும். ஏறுவதற்குள் ஆச்சி டாக்டரையும் சேர்த்துத் திட்டிவிடுவாள்.

ஆனால் மெக்கானிக் மூளை உள்ளவனுக்கு அது வரம். அடியில் தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு. முன்பக்கக் கீலில் முழுசாகத் தூக்கும். கீலைக் கழற்றினால் நாலு பேர் சேர்ந்து தூக்கி முற்றத்தில் வைத்துவிடலாம். அப்படித்தான் வைத்தார்கள், இரண்டு எண்ணெய் டிரம்மின்மேல். தெருப்பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

கம்ப்ரசர் வைத்துக் கன்னால் அடிக்கிற டூக்கோவுக்கு மதுரையில் கேட்ட கூலி, கார் வாங்கிய விலையில் கால்பங்கு. அப்பா கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். கையால் அடிக்க வில்லிபுத்தூரிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தார். வில்வண்டி, தேக்குக் கதவு, தேர்தல் வந்தால் சுவர் எழுத்து என்று எல்லாம் செய்கிறவர். எல்லாருக்கும் அவர் பெயிண்டர் அண்ணாச்சி.

“கார் அடிச்சிருக்கீங்களா அண்ணாச்சி?”

“வில்வண்டி அடிச்சிருக்கேன் சார். ரெண்டும் உருளத்தான செய்யுது.”

மாசி மாதம்தான் வேண்டும் என்று அவர் நாள் குறித்தார். மார்கழி, தை என்றால் பனி இறங்கும், பளபளப்பு மங்கிப்போகும். ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று தெருமண்ணை எல்லாம் அள்ளிவந்து பூசிவிடும். தவிர, பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் திருக்கல்யாணம் பார்க்க வண்டி தயாராக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன்.

பழைய பெயிண்ட்டைத் தேய்க்கிற வேலை எங்களுக்கு. பக்கெட்டில் தண்ணீர், துண்டுச் சோப்பு, வாட்டர் பேப்பர். சொரசொரப்பான 220-இல் ஆரம்பித்து 400, கடைசிக் கோட்டிங்குக்கு முன்னால் 600. மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறுங்கையால் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் பள்ளம் விழும். துரு தெரிந்த இடத்தில் ரெட் ஆக்சைடு. நசுங்கின இடத்தில் பட்டி பார்த்து, காய்ந்ததும் மறுபடியும் தேய்ப்பு. துடைக்க மில் வேஸ்ட் மூட்டையாகக் கிடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற சாமான்.

அந்தச் செல்வம்தான் வினையாகவும் முடிந்தது. பெயிண்ட்டை வடிகட்ட, சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்துக் கொடுத்தார் அப்பா. ஊர்ப் பொருள், சல்லடை மாதிரி இருக்கும், வேறென்ன வேண்டும்? அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். “இது நூல் விடும் சார். வீட்ல நைலக்ஸ் சேலை இருக்கா?” அம்மா ஒன்றும் பேசாமல் ஊதாப்பூப் போட்ட பழைய சேலையின் முந்தியைக் கிழித்துக் கொடுத்தாள். பேசாமல் கொடுத்ததுதான் அப்பாவைப் பயமுறுத்தியது.

விடிந்து பனி போனதும் வேலை ஆரம்பிக்கும். முற்றமெங்கும் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிட்டு, நாலு வேட்டியைத் தைத்து மேலே பந்தல். குரோமியத்திலும் ரப்பர் பீடிங்கிலும் வாஸ்லின் தடவி வைத்தால் தவறி விழுந்த பெயிண்ட் துடைத்ததும் வந்துவிடும். அண்ணாச்சி பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்குக்குமேல் முக்க மாட்டார். முதலில் மேலும் கீழுமாக இழுப்பார், அடுத்து குறுக்காக, கடைசியில் பிரஷ் நுனியால் தொட்டதும் தொடாததுமாக ஒரே திசையில் ஓட்டிவிடுவார். ஒரு கதவை ஆரம்பித்தால் முடிக்கிறவரை பீடி கிடையாது, பேச்சு கிடையாது. விளிம்பு காய்ந்துவிட்டால் அங்கே கோடு விழும். கூரைக்கு மட்டும் அப்பா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நடுவில் சந்திக்கிற இடத்தில் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

நாங்கள் அடித்தது எனாமல், எண்ணெய்க் குடும்பம். காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெதுவாக இறுகும். அந்த நிதானத்தில்தான் பிரஷ் தடம் தானே நிரவி மறைகிறது. அதே நிதானத்தில்தான் பஞ்சும் வந்து உட்கார்கிறது. மல்லாந்து கிடந்த பானெட்டின்மேல் ஒரு பஞ்சிழை மிதந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். எடுக்கப் போனால் விரல் தடம் விழும். அண்ணாச்சி காதிடுக்கில் ஊசி வைத்திருந்தார். குனிந்து, கை நடுங்காமல், இழையின் ஒரு முனையை மட்டும் நெம்பித் தூக்குவார். பெயிண்ட் தானே மூடிக்கொள்ளும்.

டூக்கோவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தின்னர் ஆவியானால் வேலை முடிந்தது, நிமிஷங்களில் தொடலாம். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி அதைக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் காய வாரக்கணக்கில் ஆனதாம். முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செய்து கொடுத்த கம்பெனி அது. போர் முடிந்ததும் அதே சரக்கின் தம்பி கார்மேல் ஏறியது. நைட்ரோ செல்லுலோஸ். எதிலிருந்து செய்கிறார்கள் என்று பின்னாளில் காலேஜில் படித்தபோது சிரிப்பு வந்தது. பஞ்சிலிருந்து. விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கிறார்கள். மதுரையில் கால்பங்கு விலை கேட்டதும் பஞ்சு, எங்கள் முற்றத்தில் ஓசியில் வந்து இறங்கியதும் பஞ்சு.

கலருக்கு வருவோம். டாக்டர் காலத்தில் வண்டி வெளிர் நீலம். கடையில் சகாயமாகக் கிடைத்தது ஆக்ஸ்ஃபோர்டு ப்ளூ, ராத்திரி மாதிரி அடர்த்தி. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் மாற்ற அலைய வேண்டுமே என்றார் மாமா. அப்பா புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். “மாப்பிள்ளை, நீலம்னுதானே போட்டிருக்கு. எந்த நீலம்னு போடலையே.”

உத்திரத்தன்று வில்லிபுத்தூர் ரத வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தோம். திரும்பும்போது ஒரு பூக்கார அம்மா கூடையைப் பானெட்டில் இறக்கிவைத்து நிதானமாகச் சரம் அளந்துகொண்டிருந்தாள். எனாமல் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இறுக மாதம் பிடிக்கும். பங்குனி வெயிலில் இன்னும் இளகும். கூடையைத் தூக்கியதும் மூங்கில் பின்னல் வட்டமாக, கண்ணி கண்ணியாகப் பதிந்திருந்தது. “சாமி காரியம் சார், கோவிச்சுக்காதீங்க” என்று ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தாள். அந்த வட்டம் கடைசிவரை அழியவில்லை. அம்மாவுக்கு அது ஆண்டாள் வைத்த முத்திரை.

மிச்சப் பெயிண்ட்டைக் கொட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேட், ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம், தையல் மிஷின் ஸ்டாண்டு, என் சைக்கிள், நாய்த் தட்டு. ராஜபாளையம் நாய் தூய வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். நீலத்தட்டில் அது கஞ்சி குடிப்பதைப் பார்க்க வருகிறவர்கள் நிற்பார்கள். வீட்டு அடையாளம் கேட்டால் “நீலக்கார் வீடு” என்பார்கள். கார் போன பிறகும் அதேதான் சொன்னார்கள், காரைத் தவிர எல்லாம் நீலமாக இருந்ததே.

இன்றைக்கு என் காரில் ஒரு கீறல் விழுந்தால் நான் செய்ய ஒன்றுமில்லை. மெட்டாலிக் பேஸ், மேலே கிளியர் கோட், தூசி புகாத சூட்டறை. கம்ப்யூட்டர் நிறத்தைப் பொருத்துகிறது. எண்பது வயது தாண்டிய அப்பா ஒருமுறை அந்த அறைக்குள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, பஞ்சே வராதா என்று மட்டும் கேட்டார். இப்போது மில்லுக்குள்ளேயே மெஷின் பஞ்சை உறிஞ்சிவிடுகிறது, தெருவுக்கு வருவதும் குறைந்துவிட்டது.

ஹெரால்டை வாங்கியவர் வில்லிபுத்தூர் அரிசிக்கடைக்காரர். அவருக்கு டூக்கோ ஆசை. எனாமல்மேல் டூக்கோ தின்னர் பட்டால் அடிப்பெயிண்ட் கொப்பளித்துச் சுருங்கும், முழுக்கச் சுரண்டி எடுக்காமல் அடிக்க முடியாது. சுரண்டினார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தேரடியில் அப்பாவைப் பார்த்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், உங்க பெயிண்ட்டை உரிக்கக் கொடுத்த கூலிக்கு இன்னொரு வண்டி வாங்கியிருப்பேன்.”

அப்பாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. “பானெட்ல கூடைத் தடம் ஒண்ணு இருந்துச்சே அண்ணாச்சி, அதையுமா சுரண்டிட்டாங்க?” என்று கேட்டார்.