பச்சை முகட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று ஈப்போவில் பெற்றோர் பலர் என்னைக் கேட்பதுண்டு. பேரங்காடிகளும் கேளிக்கைப் பூங்காக்களும் எல்லாரும் அறிந்தவையே. நான் சொல்ல விரும்புவது, ஈப்போவுக்குத் தெற்கே கம்பார் பட்டணத்தை ஒட்டியுள்ள ஒரு மலைமுகட்டை. ‘கிரீன் ரிட்ஜ்’ என்பது அதன் பெயர். தமிழில் பச்சை முகடு எனலாம்.

கம்பாருக்குக் கிழக்கே புஜாங் மலாக்கா என்னும் கருங்கல் மலை 1,200 மீட்டர் அளவில் உயர்ந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் முகடுகள் பழைய நெடுஞ்சாலையை நெருங்கி வந்து முடிகின்றன. எதிரே, மேற்கில், ஈயலம்பச் சமவெளி. ஈயத்திற்காக மரங்களை அழித்துத் தோண்டிய நிலமாதலால், 1941இல் அங்கு வருவோர்க்கு மறைவிடம் குறைவு. முகட்டில் இருப்பவர்க்கோ நெடுந்தொலைவு தெரியும். பீரங்கிகளுக்கு இலக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் வேண்டுமா? வடக்கிலிருந்து இறங்கி வந்த ஜப்பானியப் படையை இங்கே தடுக்க 11ஆம் இந்திய டிவிஷன் அரண் அமைத்தது.

1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நான்கு நாள்கள் போர் நடந்தது. கடைசி நாளில், அடுத்துள்ள தாம்சன் முகட்டில், பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்து, இழந்த இடத்தை மீட்டனர். ஆயினும் ஜப்பானியர் கடல் வழியாகத் தெலுக் ஆன்சன் பக்கம், அதாவது இன்றைய தெலுக் இந்தானில், இறங்கிவிட்டதால் பின்புறம் அடைபடும் நிலை ஏற்பட்டது. அன்றிரவே படை பின்வாங்கியது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர் 15 பேருடன் இம்முகட்டில் ஏறினேன். செங்குத்தான இடங்களில் வேரையும் பாறையையும் பற்றி ஏற வேண்டியிருந்தது. இது கயிறு கட்டி ஏறும் பாறையேற்றம் அன்று. அக்கலையைச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பயிற்சி பெற்றவர்களிடமே பயில வேண்டும். எஞ்சியிருந்த பதுங்குகுழிகளைக் கண்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டனர். பிறகு ஒரு மாணவி, “டீச்சர், அப்போது நம் தாத்தா பாட்டி எங்கே இருந்தார்கள்?” என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. முகடு கைவிடப்பட்டபின் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. இரப்பர் ஏற்றுமதி நின்றது, பிழைப்பு போயிற்று. 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அவர்களுள் மிகப் பலர் திரும்பவேயில்லை. என் பாட்டியின் அண்ணனும் அவர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது.

தைப்பிங் போர்க் கல்லறையில் அடையாளம் தெரியாத போர்வீரர்க்கும் தனித்தனிக் கல் உண்டு. அது முறையே. ஆனால் சயாமில் மாண்ட நம்மவருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. பெயரைக் காக்கும் கடமை குடும்பங்களுக்கே உரியதாகிறது. பெயரறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ‘நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்?’ ஒரு வாரத்தில் நான்கு பெயர்கள் வந்தன. ஒரு பெயரைத் தந்தவர் ஆயர் தாவாரில் வாழும் மூதாட்டி. பேரன் தொலைபேசியில் கேட்டபோதுதான் தம் தந்தையின் பெயரைப் பல்லாண்டுகளுக்குப் பின் உரக்கச் சொன்னாராம்.

பெற்றோர்களே, இம்முகட்டுக்குச் செல்ல விரும்பினால் வழியறிந்தவர் துணையுடன் காலையிலேயே ஏறுங்கள். மழை பெய்தால் திரும்பிவிடுங்கள். நல்ல காலணியும் போதிய தண்ணீரும் தேவை, அட்டை கடிக்கலாம். பழைய இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் தொட விடாதீர்கள். இறங்கியபின் வீட்டுப் பெரியவர்களிடம் அக்கேள்வியைக் கேட்டு, விடையைத் தேதியுடன் எழுதி வையுங்கள்.