ஆளிக்குள் இருக்கும் வெள்ளி

சுவரிலுள்ள ஆளியை அழுத்துகிறோம், மின்குமிழ் ஒளிர்கிறது. அந்தக் கணத்தில் உள்ளே இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டன என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தரமான ஆளியாயின், அந்த முனைகளின் முகத்தில் மிளகளவுகூட இல்லாத வெள்ளி ஒட்டியிருக்கும். வெள்ளி என்றாலே கொலுசும் அரைஞாணும் நினைவுக்கு வரும் நமக்கு இது வியப்பான செய்திதான்.

எழுபதுகளில் பத்திரிகை அலுவலகங்களில் தொலையச்சு இயந்திரங்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் எழுத்துகள் குழம்பிவிடும். திருத்துநர் வந்து, தொடுமுனைகளுக்கிடையே ஒரு காகிதத் துண்டைச் செருகி மெல்ல இழுப்பார். காகிதத்தில் கறுப்புப் படிந்து வரும். செய்தி மீண்டும் ஓடும். போர்களும் தேர்தல்களும் அந்தச் சிறு முனைகளைக் கடந்தே எம் மேசைக்கு வந்தன.

உலோகங்களில் மின்னை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. ஆனால் அது மென்மையானது. 961 பாகை செல்சியஸில் உருகிவிடும். மின்சுற்றுத் துண்டிக்கப்படும்போது முனைகளிடையே எழும் தீப்பொறியின் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு. தூய வெள்ளி முனைகள் அந்தச் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டிக்கொண்டால் ஆளி அணையாது. விபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே வெள்ளியுடன் நிக்கலையோ வெள்ளீய ஒட்சைட்டையோ கலக்கிறார்கள். ஒட்சைட்டுக் கலவையாயின், தூளாகக் கலந்து, அழுத்தி, சூடேற்றி இறுக்கி, பட்டையாகப் பிதுக்கி எடுப்பது ஒரு முறை. அந்தக் கலவை செம்பில் எளிதில் பற்றாது என்பதால், அடிப்புறத்தில் தூய வெள்ளிப் படலமொன்றைச் சேர்க்கிறார்கள்.

முனை முழுவதையும் வெள்ளியாற் செய்தால் விலை கட்டுப்படியாகாது. எனவே செப்புப் பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் செதுக்கி, அதில் வெள்ளி நாடாவைப் பதித்து, உருளைகளுக்கிடையே பேரழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். இரு உலோகங்களும் பசையோ பற்றாசோ இன்றி ஒன்றாகின்றன. பின்பு சூடேற்றிப் பிணைப்பை உறுதியாக்கி, மெல்லியதாக்கி, சுருளாகச் சுற்றி அனுப்புகிறார்கள். வாங்குபவர் அதிலிருந்து வேண்டிய வடிவத்தை வெட்டி எடுத்துக்கொள்வார்.

இந்த வித்தையின் வேர் நகைத்தொழிலில் இருக்கிறது. ஜேர்மனியின் போர்ட்ஸ்ஹைம் நகரில் 1767இல் ஓர் அநாதை இல்லத்தில் கடிகார, நகைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பின்னாளில் அது பொன் நகரம் என்றே பெயர்பெற்றது. மலிவான உலோகத்தின் மேல் பொன் தகட்டை இணைத்து உருட்டும் 'டூப்லே' முறை அங்கு செழித்தது. ஏழைப் பெண்ணின் கழுத்துக்குப் பொன்னின் பொலிவைத் தந்த அதே கைப்பழக்கம், பிற்காலத்தில் மின்தொடுகைகளுக்கான பட்டைகளைச் செய்யவும் உதவிற்று. 1945 பெப்ரவரி 23ஆம் திகதி இரவு வீசப்பட்ட குண்டுகளில் அந்நகரில் ஏறத்தாழ 17,600 பேர் மாண்டனர். நகரின் நடுப்பகுதி சாம்பலாயிற்று. எஞ்சியோர் நகரையும் தொழிலையும் மீண்டும் கட்டியெழுப்பினர். ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட எம்மவருக்கு அதன் பொருள் விளங்கும்.

இத்தொழிலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பல்லாண்டுகளாக வெள்ளியுடன் கட்மியம் ஒட்சைட்டைக் கலந்தார்கள். முனைகள் ஒட்டாதிருக்க அது மிகச் சிறந்தது. மனித உடலுக்கோ நஞ்சு. ஜப்பானின் ஜின்சு ஆற்றோரத்தில் கட்மியம் கலந்த நீராலும் அரிசியாலும் எலும்புகள் நொறுங்கித் துடித்த மக்களின் நோயை, 1968இல் அந்நாட்டு அரசு சூழல் மாசினால் விளைந்ததென ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்சாதனங்களில் கட்மியத்தைக் கட்டுப்படுத்தியபோதும், மின்தொடுகைகளுக்கு விலக்கு அளித்தது. எல்லாப் பயன்களுக்கும் ஈடான மாற்றுப் பொருள் கைக்கு வந்திருக்கவில்லை. நம் வீட்டு ஆளி ஒட்டாதிருக்க, யாரோ ஒருவர் அந்தத் தூளைக் கையாள வேண்டியிருந்தது.

வணிக மொழியில் இந்தப் பட்டைகளுக்கு 'அரைமுடிவுப் பொருள்' என்று பெயர். அவற்றைச் செய்தவரின் பெயர் ஆளியின் மேல் பொறிக்கப்படுவதில்லை. பத்திரிகையிலும் இப்படிச் சிலர் உண்டு: பிறர் பெயரில் வரும் செய்தியை நள்ளிரவில் செப்பனிட்டுவிட்டு, பெயரின்றி வீடு திரும்பும் உதவி ஆசிரியர்கள். நாளிதழின் நம்பகத்தன்மை பெரிதும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஒரு பொருள் பாதியில் கைமாறுவதால் அதன் பொறுப்புப் பாதியாகிவிடுவதில்லை. உருளையின் முன் நிற்கும் தொழிலாளி அன்று கவனம் பிசகினால், எங்கோ ஒரு வீட்டில், என்றோ ஓர் இரவில், அணைய வேண்டிய மின்சாரம் அணையாது.