வியன்னாவில் ஒரு வீடு

1994-ல் என் கணவருக்கு உத்தியோகம் வியன்னாவில் என்று ஆயிற்று. மூன்று வருஷம் அங்கே குடியிருந்தோம். வீடு மூன்றாவது மாடியில் என்றுதான் தரகர் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது எண்ணிப் பார்த்தேன். தரைத்தளத்துக்கு மேலே 'மெட்ஸனீன்' என்று ஒரு மாடி. அது கணக்கில் சேராது. அதற்கும் மேலேதான் முதல் மாடி ஆரம்பம். ஆக, நாலு மாடி ஏறி மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். "கத்தரிக்காய்க்குக் கொசுறு கிடைக்காத ஊரில் மாடிக்குக் கொசுறு கொடுக்கிறான்" என்றார் இவர்.

நூறு வருஷத்துக் கட்டடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். ஜன்னல்கள் இரட்டை இரட்டையாக, நடுவே ஒரு சாண் இடைவெளியோடு இருக்கும். மார்கழி மாதத்தில் பால் பாத்திரத்தை அந்த இடைவெளியில் வைத்துவிடுவேன், கெடவே கெடாது.

எனக்கு மிகவும் பிடித்தது நடையில் இருந்த தண்ணீர்த் தொட்டிதான். சுவரோடு பதித்த இரும்புத் தொட்டி, மேலே ஒரு குழாய். 'பஸேனா' என்பார்கள். வீட்டுக்குள் குழாய் வராத காலத்தில் ஒரு மாடிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். 1873-ல் ஆல்ப்ஸ் மலைச் சுனை நீரை, இறைக்கும் யந்திரத்தின் தயவில்லாமல், சரிவை மட்டும் நம்பி நகரத்துக்குக் கொண்டுவந்தார்களாம். இன்றும் அந்தத் தண்ணீர்தான். பெண்கள் அங்கே நின்று பேசிய பேச்சுக்கு 'பஸேனா வம்பு' என்றே ஜெர்மன் மொழியில் பெயர் உண்டு. நம் ஊர்க் குழாயடியை விட்டு ரொம்ப தூரம் வந்துவிடவில்லை என்று ஆறுதலாக இருந்தது.

ஆனால் தரை இருக்கிறதே, அதுதான் சங்கடம். மீன்முள் மாதிரி கோத்த மரப்பலகைத் தரை. பெண்ணுக்கு அப்போது ஐந்து வயசு. அவள் எங்கே நடந்தாள்? ஓடுவாள், இல்லாவிட்டால் குதிப்பாள். மூன்றாம் வாரம் கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினாள். "உங்கள் குழந்தை நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள். எனக்குத் தினமும் தெரிகிறது" என்றாள், சிரிக்காமல்.

அவமானமாகப் போய்விட்டது. ஜமக்காளம் விரித்தோம். கம்பளிச் செருப்பு வாங்கினோம். "கீழே பாட்டி இருக்கா" என்று சொல்லிச் சொல்லியே குழந்தையை நுனிக்காலில் நடக்கப் பழக்கினேன். பூச்சாண்டி செய்கிற வேலையைப் பாட்டி செய்தாள். நம்மை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு எனக்கு. அந்நிய தேசத்தில் அது இரண்டு மடங்காகிவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், காய்கறிப் பையோடு படியேறினேன். பாட்டி தன் மாடித் தொட்டியில் பூவாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? சத்தமே கேட்கவில்லையே?"

"நன்றாக இருக்கிறாள். பழக்கிவிட்டோம்" என்றேன், பெருமையாக.

பாட்டி குழாயை மூடினாள். "நான் ராத்திரியில் மட்டும்தான் கேட்டேன்" என்றாள்.

அன்று கதவைத் தட்டியபோது அவள் இன்னும் என்னவோ சொன்னாள்தான். என் அரைகுறை ஜெர்மன் பாதியோடு நின்றுவிட்டது.

1997-ல் மாம்பலத்துக்குத் திரும்பினோம். எங்கள் மாமியார் வீடு தனி வீடு, மாடியும் கிடையாது. "வீட்டில் குழந்தை இருக்கிறதே தெரியலை! எப்படி வளர்த்திருக்கே!" என்று மாமியார் பூரித்துப் போனார். எனக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"குதிடி."

அவள் தரையைப் பார்த்தாள். "கீழே யாரும்மா இருக்கா?"

"யாருமில்லே. மண்ணுதான் இருக்கு. குதி."

ஒரு தரம் குதித்தாள். பிறகு, யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்களா என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.