பூச்சியத்திலும் எரிந்த எல்.ஈ.டி.

குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். எல்.ஈ.டி. அணையவில்லை. மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். அப்பவும் எரிந்தது. மாமா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"உதிலயும் பிழையோ பிள்ளை?"

"உதிலயும்" ஏன் என்று சொல்ல வேண்டும்.

மாமா நெல்லியடியில் ரீவி திருத்துகிறவர். "சத்தம் வருது, படம் இல்லை" என்று கொண்டுவருகிற ரீவிகளில் பெரும்பாலும் பின்னால் இருக்கிற வெளிச்சப் பட்டிதான் போயிருக்கும். அதில் எல்.ஈ.டி.கள் தொடராக இருப்பதால் ஒன்று செத்தாலே முழுப் பட்டியும் இருண்டுவிடும். செத்ததைக் கண்டுபிடிப்பது சுகம். சாகப்போவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான சின்ன ஓட்டம், 5 மில்லியம்பியர் போல, கொடுத்துப் பார்க்க வேண்டும். நல்லவை ஒரே மாதிரி மினுங்கும், பழுதாகிற ஒன்று சோர்ந்து தெரியும். வோல்ற்றளவை வைத்து இதைச் செய்யேலாது. எல்.ஈ.டி.க்கு வோல்ற்றளவு கொஞ்சம் கூடினாலே ஓட்டம் பல மடங்காகிவிடும்.

மாமாவின் பழைய பெட்டி எல்.எம். 317 ஐ வைத்து அவரே செய்தது. அந்தச் சில்லு தன் இரண்டு கால்களுக்கிடையில் எப்போதும் 1.25 வோல்ற்றை வைத்திருக்கப் பார்க்கும். இடையில் 12.5 ஓம் தடையி போட்டால் 100 மில்லியம்பியர், 125 ஓம் போட்டால் 10. மாமா அந்த இடத்தில் வெறும் மாறுந்தடையி ஒன்றைப் பூட்டியிருந்தார். அதைக் கடைசிவரை திருப்பினால் தடை பூச்சியம். பிறகு சில்லு ஒன்றரை அம்பியருக்கும் மேல் தள்ளப் பார்க்கும். போன லீவில் கடைசிவரை திருப்பினது நான். ஒரு வாடிக்கையாளரின் பட்டி ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மணத்தது. மாமா ஒன்றும் பேசவில்லை, தன் காசில் புதுப் பட்டி வாங்கிப் போட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் உயர்தரத்தில் கணிதப்பிரிவு. பௌதிகவியலில் இரண்டு தரம் எஃப். மூன்றாம் தரம் கலைப்பிரிவில் எடுத்து, இப்ப கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். (யாராவது கேட்டால் அம்மா "கம்பஸ்" என்பதோடு நிறுத்திவிடுவா. எந்தப் பீடம் என்று சொல்லமாட்டா.) ஆனாலும் பழைய கொப்பியை எறியவில்லை. அதில் செயற்பாட்டு விரியலாக்கி இருந்தது.

புதுச் சுற்று இப்படி. எல்.எம். 358 இன் ஒரு பெய்ப்புக்குக் குமிழால் 0 இலிருந்து 0.1 வோல்ற்று வரை கொடுக்கலாம். பயப்பு ஒரு மொஸ்பெற்றின் கேற்றுக்குப் போகிறது. எல்.ஈ.டி.யின் ஓட்டம் அந்த மொஸ்பெற்றினூடாக வந்து 1 ஓம் தடையியால் தரைக்கு இறங்குகிறது. தடையியின் தலையிலுள்ள வோல்ற்றளவு மற்றப் பெய்ப்புக்குத் திரும்பிப் போகிறது. இரண்டும் சமமாகும்வரை விரியலாக்கி ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும். 5 மில்லிவோல்ற்று வைத்தால் 5 மில்லியம்பியர். கடைசிவரை திருப்பினாலும் 100 ஐத் தாண்டாது. எனக்கு அதுதான் முதல் வேண்டியது.

ஆனால் 5 இல் வைத்தபோது மல்ரிமீற்றர் 7.8 காட்டியது. பூச்சியத்தில் 2.8. இரண்டு நாள் ஒட்டினதையே திரும்பத் திரும்ப ஒட்டினேன். மூன்றாவது எஃப் என்று மனதுக்குள் ஓடியது.

எங்கே வைத்தாலும் அதே 2.8தான் கூட நிற்கிறது என்பதைப் பிந்தித்தான் கவனித்தேன். கொப்பியில் இருந்தது இலட்சிய விரியலாக்கி, அதில் இரண்டு பெய்ப்பும் சமம். கையிலிருந்த சில்லு இலட்சியம் இல்லை. அது சமம் என்று நினைக்கிற இடத்தில் சில மில்லிவோல்ற்று வித்தியாசம் கிடக்கும். தரவுத்தாளில் 7 வரை போகலாம் என்று இருக்கிறது. பரீட்சையில் "புறக்கணிக்க" என்ற ஒரு சொல்லோடு போய்விடுகிற சமாச்சாரம் இது. 5 மில்லிவோல்ற்றுக்குப் பக்கத்தில் 2.8 ஐ எப்படிப் புறக்கணிப்பது?

திறமான சில்லு வாங்கலாம். நான் தடையியை மாற்றினேன். 1 ஓமுக்குப் பதிலாக 10 ஓம் போட்டால் 5 மில்லியம்பியருக்கு 50 மில்லிவோல்ற்று வரும். அதே 2.8 மில்லிவோல்ற்றுப் பிழை இப்ப 0.28 மில்லியம்பியர்தான். 100 மில்லியம்பியருக்கு 1 வோல்ற்று வேண்டும். ரி.எல். 431 தருகிற 2.5 வோல்ற்றை 15 கிலோ ஓம் தடையிக்கும் 10 கிலோ ஓம் குமிழுக்கும் பிரித்தால் குமிழில் சரியாக 1 வோல்ற்று. தடையியில் அந்த 1 வோல்ற்று வீண்தான். ஆனால் 12 வோல்ற்று அடப்ரரில் அது ஒரு நட்டமில்லை.

தடையியை அளந்தால் 10.4 காட்டியது. மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4. சரி, 10 ஓம்தான். பிரெட்போட்டின் தொடுகைகளும் கொஞ்சம் தடை சேர்க்கும் என்பதால், திரும்பிப் போகிற வயரைத் தடையியின் காலிலேயே நேராக ஒட்டினேன். மொஸ்பெற் சூடாகியது. அலுமினியத் துண்டு ஒன்றை முறுக்கிவிட்டேன்.

பெட்டியைக் கொடுத்தபோது மாமா குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கடை லைற்றை அணைத்துப் பார்த்தார்.

"இன்னும் மினுங்குது."

"0.28 மாமா. 5 வேணுமெண்டா 4.7 இல வையுங்கோ."

அவர் ஒரு துண்டு வெள்ளை ரேப்பைக் கிழித்து, பேனையால் 4.7 = 5 என்று எழுதி, குமிழுக்குக் கீழே ஒட்டினார். பிறகு லைற்றைப் போட்டு, அடுத்த பட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.