சூரியக் குடும்பத்துக்கு வாஸ்து

புது வீட்டுக்குக் குடிபோன ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும். சமையலறையை அந்தப் பக்கம் வைத்திருக்கலாமே, இந்தச் சுவர் எதற்கு, ஜன்னல் இன்னும் ஓர் அடி அகலமாக இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று. எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிவிட்டது. சூரியக் குடும்பத்தையே இடித்துக் கட்டலாமா என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். நீங்களும் கூட வாருங்கள். காசா, பணமா? கார்ப்பரேஷன் அப்ரூவல்கூட வேண்டாம்.

முதல் வேலையாக செவ்வாயையும் வெள்ளியையும் இடம் மாற்றிவிடுவேன். ஜோசியர்கள் மன்னிக்கவும்.

காரணம் சொல்கிறேன். வெள்ளி கிட்டத்தட்ட நம் பூமியின் சைஸ். குறுக்களவில் 600 கிலோமீட்டர் சொச்சம்தான் குறைவு. அருமையான மனை. ஆனால் அடுப்படியில் மாட்டிக்கொண்டது. சூரியனிலிருந்து சுமார் 10.8 கோடி கி.மீ. மேலே கெட்டியான கார்பன்-டை-ஆக்ஸைடு போர்வை வேறு. பூரி பொரிக்கிற எண்ணெய் 190 டிகிரி இருக்கும். வெள்ளியின் தரை 465 டிகிரி. ஈயக் குண்டை வைத்தால் உருகி ஓடிவிடும்.

செவ்வாய்க்கு நேர் எதிர்க் கஷ்டம். இருக்கிற இடம் பரவாயில்லை. ஆள்தான் நோஞ்சான். பூமியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. டம்ளரில் இருக்கிற காபியைவிட ஸ்பூனில் எடுத்த காபி சீக்கிரம் ஆறிப்போகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான். சின்ன உருண்டையின் வயிறு சீக்கிரம் குளிர்ந்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த இரும்புக் குழம்பு அடங்கியது. அதனால் காந்தப்புலம் சுமார் 400 கோடி வருஷங்களுக்கு முன்னால் போயே போச்சு. பாதுகாப்பு போனதும் சூரியக் காற்று செவ்வாயின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போய்விட்டது. இது கற்பனை இல்லை. 2014-ல் அங்கே போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அந்தக் கசிவை அளந்து சொல்லியிருக்கிறது. ஆறு ஓடிய தடமும் ஏரி இருந்த பள்ளமும் மட்டும் பாக்கி.

இப்போது மாற்றிப் போடுங்கள். வெள்ளியைக் கொண்டுபோய் செவ்வாயின் இடத்தில் வையுங்கள். பூமிக்குக் கிடைக்கிற வெயிலில் 43 சதவிகிதம்தான் அங்கே கிடைக்கும். ஆனால் இங்கே எமனாக இருந்த அதே போர்வை அங்கே கம்பளியாகிவிடும். பெரிய உடம்பு, உள்ளே சூடு, எரிமலைகள், காற்றைப் பிடித்துவைக்கிற ஈர்ப்பு. கடல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்ளும், அதுவும் தலைகீழாக. அதையும் ஒரு தட்டு தட்டி வேகமாகச் சுழலவிடுவேன். செவ்வாய் அடுப்படியில் கருகிய கல்லாகக் கிடக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு செவ்வாய் தோஷம் என்று ஏழு வருஷம் வரன் தட்டிப்போனது. அவளைக் கேட்டால் செவ்வாயை சூரியனுக்குள்ளேயே தள்ளிவிடச் சொல்வாள்.

இதில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் தலைமுறைப் பையன்களுக்கு வெள்ளி, செவ்வாய் இரண்டிலும் ஆள் இருந்தார்கள். வெள்ளியில் சதுப்பு நிலம், பெரிய பெரிய பல்லிகள். செவ்வாயில் கால்வாய் வெட்டின புத்திசாலிகள். கதைகளில் அப்படித்தான் படித்தோம், பாதி நம்பினோம். 1962 டிசம்பரில் மரைனர்-2 வெள்ளியைக் கடந்து போய், அது உலை என்று சொல்லிவிட்டது. 1965 ஜூலையில் மரைனர்-4 செவ்வாயைப் படம் எடுத்தது. மொத்தம் 22 படங்கள், கடைசிப் படம் அரைகுறை. ஒவ்வொரு படமும் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்ததெல்லாம் குழிகள். நிலா மாதிரியே செத்த பள்ளங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. பேப்பரில் புள்ளி புள்ளியாக அச்சாகியிருந்த அந்தப் படத்தை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாரும் இல்லை போலிருக்கேடா" என்றார். ஊருக்குப் போன வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறவர் குரலில்.

இரண்டரை வருஷத்தில் இரண்டு பக்கத்து வீடும் காலி. அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் ஒரு பழைய ஆற்றுப் படுகையில் புள்ளி போட்ட ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அந்தப் புள்ளிகள் பழங்கால நுண்ணுயிர்களின் வேலையாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உயிர் இல்லாமலே வேதியியல் செய்த வேலையாகவும் இருக்கலாம். ஆனாலும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ரிப்பேருக்கு வருவோம். பூமியையே பெரிதாக்கிவிடலாமே, கிரவுண்டு விலையாவது இறங்குமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஆபத்து. ராக்கெட் கணக்கு ரொம்பக் கறாரான கணக்கு. நிலாவுக்குப் போன சாட்டர்ன்-5 ராக்கெட் கிளம்பும்போது கிட்டத்தட்ட 2,900 டன். திரும்பி வந்து கடலில் விழுந்தது அஞ்சு டன் சொச்சம். நம் பூமியிலேயே இந்த லட்சணம். பூமியைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள ஒரு கிரகத்திலிருந்து அதே நிலாப் பயணம் கிளம்பினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் மைக்கேல் ஹிப்கே 2018-ல் கணக்குப் போட்டார். ராக்கெட் எடை சுமார் 4 லட்சம் டன்! அந்தக் கிரகத்தில் மகா அறிவாளிகள் இருக்கலாம். கணிதம், சங்கீதம், டெலஸ்கோப் எல்லாம் இருக்கலாம். வாசல்படியைத் தாண்ட முடியாது, பாவம்.

அப்படியென்றால் அயலாரை நம் பக்கத்தில் இழுத்து வைக்கலாமா? நிலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செவ்வாய் சைஸில் காற்றுள்ள ஓர் உலகத்தை வைத்தால்? மூன்றே நாளில் போய்விடலாம். வானத்தில் நம் நிலாவைப் போல இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். ஆனால் கடலை இழுக்கிற சக்தி ஏறக்குறைய 9 மடங்காகிவிடும். மெரினாவில் சுண்டல் விற்பவர்கள் தினம் இரண்டு தடவை கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேண்டாம்.

இயற்கையே ஓர் இடத்தில் இப்படி நெருக்கமாகக் கட்டிப் பார்த்திருக்கிறது. 40 ஒளி ஆண்டு தூரத்தில் டிராப்பிஸ்ட்-1 என்கிற சின்ன சிவப்பு நட்சத்திரம். பூமி சைஸில் ஏழு கிரகங்கள் அதைச் சுற்றுவதாக 2017-ல் அறிவித்தார்கள். ஏழும் நம் புதன் கிரகத்தின் பாதைக்கு உள்ளேயே அடங்கிவிடும். ஒண்டுக் குடித்தனம்! நெருங்கி வரும்போது ஒன்றுக்கொன்று பத்து லட்சம் கி.மீ. அளவில்தான் இடைவெளி. செவ்வாய் 2003 ஆகஸ்ட்டில் நம்மை மிக நெருங்கி வந்தபோதே 5.57 கோடி கி.மீ. இருந்தது. டிராப்பிஸ்ட்காரர்கள் சனிக்கிழமை கிளம்பினால் புதன்கிழமைக்குள் மாமியார் கிரகத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த நட்சத்திரத்துக்குக் கோபம் அதிகம், அடிக்கடி தீப்பிழம்பு வீசும். கிரகங்கள் ஒரே முகத்தை அதற்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதாகத்தான் கருதுகிறார்கள். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர ராத்திரி. உள்ளே இருக்கிற இரண்டு கிரகங்களில் கனமான காற்று எதுவும் இல்லை என்று ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 2023-ல் சொல்லிவிட்டது.

பிரான்ஸில் போர்டோ நகரத்தில் வேலை பார்க்கும் ஷான் ரேமண்ட் என்ற வானியற்பியலாளருக்கும் என் வியாதி உண்டு. எனக்குத் தெரியாத கணிதம் அவருக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம். ஒரே எடையுள்ள 42 கிரகங்களை ஒரே பாதையில் சம இடைவெளியில் மாலை கோத்தாற்போல் ஓடவிடலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை வைத்து ஒரே சூரியனுக்கு 416 குடியிருப்பு உலகங்கள் என்று பேப்பரில் டிசைன் போட்டார். இதே ரேமண்டும் சகாக்களும் 2011-ல், செவ்வாய் ஏன் நோஞ்சான் ஆனது என்பதற்கும் ஒரு கருத்து சொன்னார்கள். குழந்தைப் பருவத்தில் வியாழன் சூரியனை நோக்கி உள்ளே நகர்ந்து வந்து, செவ்வாய்க்குச் சேர வேண்டிய மாவையெல்லாம் கலைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம் என்று. பெரிய அண்ணன் சாப்பிட்டுவிட்டான்! அப்படியானால் வியாழனைத் தூக்கிவிடலாமே என்றால், அந்த ஓட்டத்தில்தான் தண்ணீருள்ள கற்கள் பூமிப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும் என்றும் அதே கருத்து சொல்கிறது. ஒரு தூணை எடுத்தால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்.

எனவே என் பழைய பிளானுக்கே வருகிறேன். வெள்ளியும் செவ்வாயும் இடம் மாற்றம், அவ்வளவுதான். வெளியே கடலும் காடும் உள்ள ஓர் அண்டை வீடு.

இங்கேதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கலிலியோவே தன் டெலஸ்கோப்பில் அங்கே மேகத்தையும் நீலத்தையும் பார்த்திருந்தால், நாம் எப்போதோ ராக்கெட் விட்டிருப்போம். யார் முதலில் போயிருப்பார்கள், எதற்காக? 1492-ல் கொலம்பஸ் போய் இறங்கின தீவுகளின் ஜனங்கள் அதன்பின் இரண்டு தலைமுறைக்குள் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். வாளிலும் அடிமை வேலையிலும் அம்மையிலும். 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமா எதற்கு வந்தார்? மிளகு. அடுத்த நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

செத்த கிரகங்களிடம் நாம் காட்டிய மரியாதை ஆச்சரியமானது. 1975-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய வைகிங் கலங்களின் இறங்குபகுதிகளைக் கிருமி போகும்படி, பல மணி நேரம் 110 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்து வாட்டித்தான் அனுப்பினார்கள். வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்த கலிலியோ விண்கலத்தை 2003 செப்டம்பர் 21 அன்று வியாழனுக்குள்ளேயே விழவிட்டு அழித்தார்கள். யூரோபா என்கிற அதன் நிலாவில் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிறது, அதில் ஒருவேளை உயிர் இருந்து, இந்த ஓட்டை டப்பா எதிர்காலத்தில் அங்கே போய் மோதி நம்மூர்க் கிருமியைப் பரப்பிவிட்டால் என்ற சந்தேகத்துக்காக. அங்கே தங்கச் சுரங்கமோ பெட்ரோலோ இருப்பதாகத் தெரிந்திருந்தால் இந்த நாகரிகம் நிலைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இருந்தும் மாற்றத்தான் செய்வேன். அண்டை வீட்டில் யாராவது இருந்தால் நம்மைத் திட்டவாவது ஆள் இருக்கும்.

மாற்றுகிற சக்தி எனக்கு இல்லாததால், யூரோபாவைத்தான் நம்பியிருக்கிறேன். பூமியின் கடல்களையெல்லாம் சேர்த்தால் இருக்கிற தண்ணீரைப் போல் இரண்டு மடங்கு அங்கே இருக்கலாம் என்கிறார்கள். 2024 அக்டோபர் 14 அன்று யூரோபா கிளிப்பர் என்ற விண்கலம் கிளம்பியது. பயண தூரம் சுமார் 290 கோடி கி.மீ. 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். எனக்கு அப்போது 75. தினம் மாடியில் நாற்பது நிமிஷம் நடக்கிறேன், வாழைக்காய் வறுவலை விட்டுவிட்டேன். இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 132.