காலதரும் கடுங்குளிரும்

பழந்தமிழர் யன்னலைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலர் வழங்கும் 'விண்டோ' என்னுஞ் சொல்லும் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லினின்று பிறந்ததேயாம். வெப்ப நாட்டாரும் குளிர் நாட்டாரும் ஒரே எண்ணத்தாற் பெயரிட்டமை வியத்தற்குரியது. ஆயினும் குளிர் நாட்டில் இன்று காற்றுக்கு வழிவிடும் யன்னல் இல்லத்துக்குப் பகையாகின்றது. அங்கே அது ஒளியை விட்டுக் குளிரைத் தடுத்தல் வேண்டும்.

கனடாவிலே ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் எம் இளவல் வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலத்தை நாம் அவரில்லத்திற் கழித்தோம். அந்நகரின் இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை வரை இறங்கும். வீடோ 1970 களில் எழுந்தது. யன்னல்கள் இழுத்து மூடும் அலுமினியச் சட்டத்தன. அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவதாதலின், காலைதோறும் சட்டத்திலும் கண்ணாடியிலும் நீர் வழிந்தது. கீழ்மரத்திற் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

எம் அன்னையாரின் அறை வடக்கு நோக்கியது. எண்பது கடந்த அவருக்குக் குளிர் ஆகாதென்று, அவர் கதிரையை யன்னலோரத்தினின்று நகர்த்த இளவல் முயன்றார். "தம்பி, உந்த யன்னலையும் விட்டால் எனக்கு இஞ்சை வேறை என்ன இருக்கு?" என்றார் அன்னையார். மொழி விளங்காத அவ்வூரிலே, பள்ளிச் சிறுவர் போவதும் தபாற்காரர் வருவதுமே அவருக்கு உலகம். யன்னலை மாற்றுவதென அன்றே முடிவாயிற்று.

அடுத்த மாலை நிறுவனமொன்றின் முகவர் வந்தார். பத்து யன்னல்களையும் வைனைலாக மாற்றவேண்டும் என்றும், அன்றிரவே கையொப்பமிடின் விலை பாதியாகும் என்றும் கூறினார். வீட்டிலிருந்ததோ மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கிய பணம். ஆராய்ந்து சொல்வோமென்று அவரை அனுப்பிவைத்தோம். வீட்டில் வைத்துக் கைச்சாத்திடும் இத்தகைய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்த 10 நாள்களுக்குள் விலக்கிக்கொள்ள ஒன்ராறியோ மாகாணச் சட்டம் இடமளிக்கின்றது. அங்குள்ள எம்மவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வைனைல் என்பது பொலிவைனைல் குளோரைட்டு. நம் வீடுகளின் தண்ணீர்க் குழாய்க்கு உதவும் அதே பிளாஸ்டிக்குப் பொருள். அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது; துருவேறாது; வர்ணம் வேண்டாது. ஆனால், கண்ணாடியைவிட மிகுதியாக விரிந்து சுருங்கும். ஆதலின் சட்டத்தின் மூலைகள் உருக்கி இணைக்கப்பட்டனவா என நோக்குதல் வேண்டும்.

எனினும் யன்னலிற் பெரும்பகுதி கண்ணாடியே. இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளை இடைவெளிவிட்டு அமைத்து, அவ்விடைவெளியில் ஆகன் வாயுவை நிரப்புவர். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றில் ஒரு பங்களவு உள்ள இவ்வாயு, காற்றைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கண்ணாடிமேற் பூசப்படும் கண்ணுக்குத் தோன்றாத உலோகப் படலம் அறையின் வெப்பத்தை மீண்டும் அறைக்கே திருப்பும்.

இவையனைத்தின் பயனும் தரச் சீட்டில் இரு எண்களாகக் காணப்படும். 'யூ' எண் வெப்ப இழப்பைக் குறிப்பது. அது குறையக் குறைய நன்று. 'ஈ. ஆர்.' எண் வெயிலால் வரும் வெப்பத்தையும், கசியும் காற்றையும் சேர்த்துக் கணிப்பது. அது கூடக் கூட நன்று. 2020 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கனடா விதிப்படி, எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற 'யூ' எண் 1.22 இற்கு மேற்படாமலோ, 'ஈ. ஆர்.' எண் 34 இற்குக் குறையாமலோ இருத்தல் வேண்டும். வெயில் படாத வடக்கறைக்கு 'யூ' எண்ணே பெரிதெனக் கண்டு, மூன்று கண்ணாடி கொண்டதைத் தெரிந்தோம். இழுத்து மூடுவதை விட, கதவுபோல் மூடி இறப்பர்ப் பட்டியை அழுத்தி நிற்கும் வகையே காற்றை நன்கு தடுக்குமாதலின், அவ்வகையையே கொண்டோம்.

அன்னையாரின் அறையிலிருந்த இரு யன்னல்களே மாற்றப்பட்டன. மரம் உக்கியிருந்தமையாற் பழைய சட்டம் முற்றாக அகற்றப்பட்டது. சுவருக்கும் புதுச் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெளி நுரைப்பொருளால் அடைக்கப்பட்டது. இது செவ்வனே செய்யப்படாவிடின் சிறந்த யன்னலும் பயன்படாது. ஏனைய எட்டு யன்னல்களின் இடுக்குகள் சிறு செலவில் அடைக்கப்பட்டன. கதிரை இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மகளின் படிப்புப் பணத்திலும் பெரும்பகுதி எஞ்சியது.

குளிர் நாடுகளில் வீடு வாங்கும் எம் மாணாக்கர் இந்நாளிற் பலர். அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: முகவரின் சொல்லைக் கேட்குமுன் சீட்டிலுள்ள எண்ணைப் படியுங்கள், எண்ணைப் படிக்குமுன், அந்த யன்னலோரத்தில் இருப்பவர் யாரென்று பாருங்கள்.